உள்ளங்கைச் சீனி

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் சாயத்தண்ணி குடிப்பதற்கு ஒரு முறை உண்டு. வலது கையில் பாலில்லாத தேத்தண்ணிக் கோப்பை. இடது உள்ளங்கையில் கொஞ்சம் சீனி. நாக்கின் நுனியால் சீனியைத் தொட்டுக்கொண்டு ஒரு மிடறு குடிப்பார்கள். பிறகு மறுபடி சீனி, மறுபடி ஒரு மிடறு. கோப்பை முடியும்போது உள்ளங்கையும் துப்புரவாகிவிடும். மலையில் பத்து மணித் தேத்தண்ணிக்கு நிற்கும் பெண்களும், லயம் என்னும் வரிசை வீடுகளின் வாசலில் குந்தியிருக்கும் ஆண்களும் இப்படித்தான் குடித்தார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் சுகாதாரமும் மனைப் பொருளியலும் படிப்பித்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கையை நக்கிக் குடிக்கும் அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. கை கழுவுவது பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் அதையும் ஒரு கெட்ட பழக்கமாகச் சேர்த்துச் சொல்லி வந்தேன். என் பழைய பாடக் குறிப்புகளில் அந்த வரி இன்னும் இருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை கடைசிப் பாடம் முடிந்தும் பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி வகுப்பில் நின்றாள். வயது பதினாறு. அவளுடைய தகப்பன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். முந்திய வருடம் அவருடைய கால் விரலில் தகரம் கிழித்த காயம் ஆறாமல் போய், நுவரெலியா ஆஸ்பத்திரியில் பாதத்தை எடுத்துவிட்டார்கள். அவருக்குச் சீனி வருத்தம் இருந்தது என்பதே அங்கே போன பிறகுதான் தெரிய வந்தது. நீரிழிவை நாங்கள் ஊரில் சலரோகம் என்போம். இங்கே அதற்குச் சீனி வருத்தம் என்று பெயர். அதன்பின் தோட்டத்து டிஸ்பென்சரி டாக்டர் லயங்களில் இருந்த பெரியவர்களை வரவழைத்து விரலில் குத்திப் பார்த்திருந்தார். பிள்ளையின் தாய் எல்லைக்கோட்டில் நின்றாள். வருத்தம் இன்னும் வரவில்லை, ஆனால் வாசலுக்கு வந்துவிட்டது, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்போம், ஏறியிருந்தால் குளிசை விழுங்கத் தொடங்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு அவள் கேட்டாள்: "டீச்சர், வர்றதுக்கு முந்தியே நிறுத்த முடியுமா?"

முடியும் என்றேன்.

"அப்ப என்ன செய்யணும்னு எழுதிக் குடுங்க. எங்கம்மாவுக்கு ரெண்டு காலும் இருக்கணும்."

ஒரு வீட்டுக்கு மட்டும் எழுதிக் கொடுத்துப் பயனில்லை என்று எனக்குப் பட்டது. ஒரு லயத்தில் ஒரே மாதிரித்தான் சமைக்கிறார்கள், ஒரே மாதிரித்தான் குடிக்கிறார்கள். வகுப்பில் விசாரித்தபோது, வீட்டில் சீனி வருத்தக்காரரோ எல்லைக்கோட்டில் நிற்பவரோ உள்ளவர்கள் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டேன். செவ்வாயும் வியாழனும் பாடசாலை விட்டபின் ஒரு மணித்தியாலம் இருந்து, மூன்றாம் கிழமையில் ஒரு பெரிய மட்டையில் ஐந்து விதிகள் எழுதி முடித்தோம். உண்மையைச் சொன்னால், எழுதியது பிள்ளைகள், சொன்னது நான். தினமும் முப்பது நிமிடம் நடக்க வேண்டும். கோதுமை மா ரொட்டியைக் குறைத்துச் சிவப்பரிசிச் சோறு சாப்பிட வேண்டும். சீனியைக் கையில் வைத்து நக்காமல், கரண்டியால் அளந்து, கோப்பையில் கலக்கிக் குடிக்க வேண்டும். மரக்கறி கூட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் புள்ளக்காம்பராவில் கூட்டம் வைத்தோம். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறை அது. ஞாயிறு சும்மா கிடக்கும். இருபது பெண்கள்வரை வந்தார்கள். ஆண்கள் நான்கு பேர் வாசலோடு நின்றார்கள். அந்தப் பிள்ளை மட்டையைப் பிடித்துக்கொண்டு முதல் விதியை வாசித்தாள். வாசித்து முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

"டீச்சரம்மா, விடிஞ்சதுலேர்ந்து கூடையோட மலை ஏறி எறங்குறோம். அதுக்கு மேல இன்னும் அரை மணி நேரமா? கங்காணியத்தான் நடக்கச் சொல்லணும். அவருதான் ஒரே எடத்துல நின்னு எங்கள வெரட்டுறாரு" என்றாள் ஒருத்தி. வாசலில் நின்ற நால்வரில் ஒருவர் கங்காணி. அவரும் சிரித்தார், ஆனால் கொஞ்ச நேரத்தில் போய்விட்டார்.

இரண்டாவது விதிக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில் ஏழு மணிக்குப் பெரட்டுக்களத்தில் அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்க வேண்டியவள் எத்தனை மணிக்கு எழுந்து சோறு வடித்துக் கறி வைப்பது என்று கேட்டார்கள். ரொட்டி என்றால் சுட்டு, சம்பல் வைத்து, துணியில் சுற்றிக்கொண்டு போய்விடலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மூன்றாவது விதியை மட்டும் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அதற்குக் காரணம் பிள்ளைகள்தான் என்று பிறகு விளங்கியது. தலவாக்கலை டவுன் கடைகளில் கோப்பைக்குள் சீனி போட்டுக் கலக்கித்தான் தேத்தண்ணி தருவார்கள். பெரிய பிள்ளைகள் எல்லாரும் வீட்டிலும் அப்படித்தான் குடித்தார்கள். தாய் கையை நக்குவதைச் சிநேகிதர்கள் கண்டால் அவர்களுக்கு வெட்கம். இப்போது டீச்சரே சொல்லிவிட்டார். அந்தக் கிழமையே பன்னிரண்டு வீடுகளிலும் உள்ளங்கை ஓய்ந்தது.

கூட்டம் முடிந்து நாலாவது கிழமை அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். லயத்தின் தொங்கலில், கடைசிக் காம்பரா. தகப்பன் வாசலில் பலகை ஒன்றில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சுவரில் மகள் ஒட்டிவைத்த தாள். வீட்டில் யார் எத்தனை தேத்தண்ணி குடிக்கிறார்கள், எத்தனை கரண்டி சீனி என்று அதில் கோடு போடுவது அவர் வேலை.

"கால் போனதுக்கப்பறம் எனக்கு வேலை ஒசந்துருச்சுங்க. இப்ப நான்தான் இந்த வீட்டுக் கணக்கப்புள்ள" என்றார்.

தாய் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். வாத்தியாரம்மா வந்திருக்கிறார் என்பதற்காக அடியில் சீனி கரையாமல் கிடக்கும் அளவுக்குப் போட்டிருந்தாள். நான் குடித்து முடித்ததும் தகப்பன் தாளின் ஓரத்தில் நாலு கோடு இழுத்தார். "விருந்தாளிக்கும் உண்டுங்க. கணக்குன்னா கணக்கு."

மறுநாள் பிள்ளை என்னிடம் வந்தாள். முகத்தில் ஒரு சங்கடம். நாங்கள் சொன்ன விதியால் வீட்டில் சீனி கூடிவிட்டது என்றாள்.

"என்ன பிள்ளை சொல்லுறாய்? அளந்து போட்டால் எப்பிடிக் கூடும்?" என்றேன். நீ அளந்ததில் எங்கோ பிழை இருக்கும் என்றும் சொன்னேன்.

அடுத்த நாள் வீட்டுச் சீனிப் போத்தலைப் பையில் வைத்துக் கொண்டுவந்தாள். போத்தலின் மேலிருந்து கீழ்வரை ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நிரப்பி, ஒவ்வொரு இரவும் சீனி நின்ற இடத்தில் கோடு போட்டிருந்தாள். கூட்டத்துக்கு முந்திய இரண்டு கிழமைக் கோடுகளும் அதில் இருந்தன. முன்பு சனிக்கிழமைவரை வந்த போத்தல் இப்போது புதன்கிழமை முடிந்துகொண்டிருந்தது. தகப்பன் போட்ட கோடுகளைக் கொப்பியில் பார்த்து எழுதியும் வந்திருந்தாள். இரண்டும் ஒத்துப்போயின.

வியாழக்கிழமை பாடசாலை விட்டபின் மனைப் பொருளியல் அறையில் பரீட்சித்துப் பார்த்தோம். ஒரே கேத்தலில் சாயம். பன்னிரண்டு பேருக்கும் ஒரே அளவுக் கோப்பை. முதலில் உள்ளங்கையில் சீனி எடுத்து, கோப்பை முடியும்வரை தொட்டுக் குடிக்க வேண்டும். எடுத்ததையும் மிஞ்சியதையும் தேக்கரண்டியால் அளந்து, மேலே நிற்பதைக் கத்தி முதுகால் வழித்துவிட்டு எழுதினோம். அரை மணித்தியாலம் கழித்து, அதே கோப்பையில் கலக்கி, போதிய இனிப்பு வரும்வரை போட வேண்டும். கையில் வைத்துக் குடித்தபோது யாருக்கும் ஒன்றரைக் கரண்டிக்கு மேல் தேவைப்படவில்லை. கலக்கியபோது பிள்ளைகள் யாரும் மூன்றுக்குக் கீழே நிற்கவில்லை. நாக்கின் நுனியில் சீனி நேரே படும்போது கொஞ்சமே போதும். கோப்பை முழுவதையும் இனிக்கச் செய்ய வேண்டுமென்றால் அள்ளிப் போட வேண்டும்.

நானும் செய்து பார்த்தேன். பிறந்து நாற்பத்தாறு வருடம் கழித்து முதல்முறையாகப் பிள்ளைகளுக்கு முன்னால் உள்ளங்கையை நக்கினேன். அவர்கள் சிரித்து முடியும்வரை காத்திருந்துவிட்டு என் அளவையும் எழுதச் சொன்னேன். எனக்கு அரைக் கரண்டி. கலக்கினால் இரண்டரை.

மூன்று மாதத்தில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. தாயின் இரத்தத்தை எந்த வருத்தத்திலிருந்து காக்க நினைத்தோமோ அதற்குள்ளேயே நாங்கள் அவளைத் தள்ளிக்கொண்டிருந்தோம். பிள்ளை மேசையைத் துடைத்துக்கொண்டே, இந்த ஞாயிறே கூட்டம் வைக்கலாமா என்று மட்டும் கேட்டாள். அன்றைய குறிப்பில் என்னுடைய பிழை எதுவென்று எழுதினேன். எப்படிக் குடிக்கிறார்கள் என்று பார்த்தேன். எவ்வளவு குடிக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மட்டையைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு நானே எழுந்து நின்றேன். மூன்றாவது விதி பிழை, சொன்னவள் நான், இன்றைக்கு அதை எடுக்கிறோம் என்றேன். பரீட்சையின் அளவுகளைப் பிள்ளைகள் வாசித்தார்கள். முதலில் பேசியது அந்தப் பிள்ளையின் தாய்.

"ஒரு மாசமா இவ என் கையத் தட்டித் தட்டி விட்டா. பத்து மணித் தேத்தண்ணிக்கு மலையில நின்னு கரண்டியத் தேடினேன். சிரிச்சாங்க எல்லாரும். வந்து எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, கையில வச்சுக் குடிச்சாத்தான் சீனி மிஞ்சும்னு சொல்லியிருப்போம்ல. எங்க ஆளுங்க அப்படிக் குடிக்கப் பழகினதே சீனி பத்தாம."

"பிழைதான். நான் கேட்டிருக்க வேணும்" என்றேன்.

"சரி, இப்பக் கேளுங்க."

நாங்கள் கேட்டோம். பன்னிரண்டு பிள்ளைகளும் கொப்பியோடு தரையில் உட்கார, பெண்கள் சொல்லச் சொல்ல எழுதினார்கள். உள்ளங்கை அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால் சோடாப் போத்தல் மூடியை அளவாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒரு தேத்தண்ணிக்கு ஒரு மூடி, தலை வழித்து. விருந்தாளிக்கும் அதுதான், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று அங்கேயே பேசி முடித்தார்கள். ரொட்டியை விட முடியாது. ஆனால் லயத்துக்குப் பின்னால் எல்லார் பாத்தியிலும் லீக்ஸ் இருக்கிறது, கரட் இருக்கிறது. அதை நறுக்கி மாவோடு பாதிக்குப் பாதி பிசைந்தால் ஒரு ரொட்டியில் வயிறு நிறையும் என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அப்படி ரொட்டி வராது, உதிரும் என்றாள். முதலாமவள் எழுந்து வீட்டுக்குப் போய், அன்று மத்தியானம் சுட்ட ரொட்டியையே கொண்டுவந்து காட்டினாள். கொஞ்சம் உதிரத்தான் செய்தது. பாதியைக் கால்பங்காக்கி எழுதினோம். நடப்பது மலைக்குப் போகாதவர்களுக்கு மட்டும் என்று ஆயிற்று.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது அந்தத் தாய் மறுபடி கை காட்டினாள்.

"எங்க பக்கத்த எழுதிட்டீங்க. இந்தப் புள்ளைங்களோட பக்கத்த யாரு எழுதுறது? பஸ்ஸை விட்டு எறங்கும்போதே கையில பிஸ்கட் பைக்கட்டு. பெருநாள் வந்துட்டா கலர்ச் சோடா. தேத்தண்ணிக்கு நாலு கரண்டி. எங்கள அளக்குறாங்க, இதுகள யாரும் அளக்கலையே."

பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு தங்களைப் பற்றியே எழுதிக்கொண்டார்கள். புதிய தாளில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை போட்டோம். முன்பு பெரியவர்களுக்கு மட்டும்தான் போட்டிருந்தோம்.

பிந்திய ஆறு கிழமைகளும் பெரும்பாலான வீடுகளிலிருந்து தாள்கள் ஒழுங்காக வந்தன. மழைக்காலத்தில் தேத்தண்ணிக் கணக்கு கூடியது. குளிருக்குச் சுடச்சுட வேண்டும் என்பார்கள். அப்போதும் மூடி ஒன்றுதான். நான்கு வீடுகள் இடையில் விட்டுவிட்டன. அந்தப் பிள்ளையும் இன்னும் இரண்டு பேரும் போய்ப் பேசி, அதில் இரண்டைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சீனிப் போத்தல் மறுபடி சனிக்கிழமைவரை வந்தது. பிறகு அடுத்த செவ்வாய்வரை.

இரத்தம் பார்க்கும் நாள் நெருங்கியது. காலைப் பெரட்டையும் அன்றைய கூலியையும் தவறவிட்டு யாரும் வரமாட்டார்கள் என்பதால் டாக்டர் ஒரு ஞாயிறு காலை டிஸ்பென்சரியைத் திறக்க ஒத்துக்கொண்டார். அதற்கு ஆறு நாள் இருக்கும்போது பிள்ளை வந்து, அம்மா வரமாட்டேன் என்கிறாள் என்றாள். நான் அன்று பின்னேரமே லயத்துக்குப் போனேன்.

தாய் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். இடுப்பில் கட்டியிருந்த நனைந்த சாக்கை அவிழ்த்துக்கொண்டே பேசினாள். சீனியைக் குறைத்தாயிற்று, ரொட்டியைக் குறைத்தாயிற்று, சொன்னதெல்லாம் செய்கிறேன், அதோடு விட்டுவிடுங்கள் என்றாள். பார்த்தால்தானே குறைந்ததா ஏறியதா என்று தெரியும் என்று நான் சொன்னேன். அவள் புருசனைக் காட்டினாள்.

"இவருக்கும் மொதல்ல விரல்லதாங்க குத்துனாங்க."

மகள்தான் பேசினாள். அப்பாவுக்குக் குத்தினது பிந்திப்போனது, அதனால்தான் கால் போனது. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதானே மூன்று மாதமாக நாய் மாதிரி அலைகிறேன் என்றாள்.

தாய் சாக்கைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள். "அப்ப நீயும் நீட்டு" என்றாள்.

"நானா? எனக்கு எதுக்கு?"

"ஏன், நீ அவரு மகதானே? எனக்குப் பயமா இருக்கறது உனக்கு வெளையாட்டா தெரியுது. நீ மொதல்ல வெரலக் குடு. பின்னால நான் வர்றேன்."

பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். நான் அவளுக்காகப் பேசவில்லை. பன்னிரண்டு பேருடைய வீட்டிலும் பெரியவர்களை டிஸ்பென்சரிக்கு இழுக்க நாங்கள் வழி யோசித்தோம். பிள்ளைகள் யாரும் தங்கள் விரலை நீட்டியதில்லை. எனக்கும் அது தோன்றியதில்லை.

செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு அவள் வரவில்லை. புதன்கிழமை வகுப்பில் என் பக்கம் பார்க்கவில்லை. வியாழக்கிழமை வந்து, பதினாறு வயதில் பார்த்தால் டாக்டர் ஏசுவாரா என்று கேட்டாள். ஏசமாட்டார் என்றேன். இருந்தால் என்ன செய்வது என்று கேட்டாள்.

"இருந்தால் இப்பவே தெரியிறது நல்லம். உன்ரை அம்மாவுக்கு நீ சொன்னதும் அதுதானே" என்றேன்.

"அவங்களுக்குச் சொல்றது லேசு டீச்சர்" என்றாள்.

ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு நான் டிஸ்பென்சரிக்குப் போனபோது மூடுபனி விலகவில்லை. இரண்டு பேரும் எனக்கு முன்பே வந்து படியில் நின்றார்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பதால் தாய் விடிய எழுந்தும் தேத்தண்ணி குடிக்கவில்லை. போன முறை இரத்தம் பார்த்ததை விட்டால் இருபது வருடத்தில் இதுதான் முதல் தடவை, தலை சுற்றுகிறது என்றாள். டாக்டர் கதவைத் திறந்ததும் மகள்தான் முதலில் உள்ளே போனாள். இடது கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கருவி எண்ணைக் காட்டுவதற்கு எடுத்த அந்தக் கொஞ்ச நேரம் முழுவதும் தாய் அவள் தோளைப் பிடித்திருந்தாள்.

நல்ல எண். டாக்டர் அதைச் சொன்னதும் மகள் திரும்பி, கதிரையை விட்டு எழுந்தாள். தாய் உட்கார்ந்தாள். உள்ளங்கையைத் தொடையில் துடைத்துவிட்டு விரலை நீட்டினாள்.

மூன்று மாதத்துக்கு முந்திய எண்ணைவிட ஒன்பது குறைவு. நல்ல அளவுக்குள் இன்னும் இறங்கவில்லை. இடையில் ஒரு மாதம் சீனி கூடியிருந்ததை நான் டாக்டரிடம் சொன்னேன். அப்படியென்றால் இந்த ஒன்பதும் கடைசி ஆறு கிழமையில் இறங்கியதுதான் என்றார் அவர். குளிசை இப்போது வேண்டாம், இதே மாதிரிச் செய்யுங்கள் என்றார். சந்தோசப்படவும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சேர்த்தார்.

"அடுத்தது எப்பங்க வரணும்?" என்று தாய் கேட்டாள். இன்னும் மூன்று மாதம் என்றார். மகளை எழுதச் சொன்னாள். தன் வரிசையில் மட்டுமல்ல, மகளுடைய வரிசையிலும் எழுதச் சொன்னாள்.

அன்று காலை வர வேண்டியவர்களில் ஐந்து பேர் எட்டு மணியாகியும் வந்திருக்கவில்லை. அவர்களில் ஒருத்தி மேல் லயத்தில் இருக்கும் தாயின் நாத்தனார். தாய் படியிறங்கி, தங்கள் வீட்டுப் பாதையில் திரும்பாமல் மேலே ஏறும் பாதையைப் பிடித்தாள். ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் அம்மா, இன்னும் ஒன்றும் குடிக்கவில்லை என்று மகள் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"இப்பப் போனாத்தான் அவளும் வெறும் வயித்தோட இருப்பா. தின்னுட்டான்னா அதையே சாக்காச் சொல்லுவா" என்றாள் தாய். நிற்காமல் ஏறினாள்.